படத்தில் இருந்த பாப்பா!

குழந்தை கொஞ்சம் புஷ்டியாக இருந்தால் போதும்... 'அமுல் பேபி மாதிரி இருக்கான்!' என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் நமக்கு மறுவேலை. அமெரிக்காவிலும் அப்படி ஒரு பேபி உண்டு. பெயர், கெர்பர் பேபி.

பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைக் கரிக்கோட்டில் வரைந்த படத்தை, ஓர் ஓவியர் 1928-ல் கெர்பர் கம்பெனிக்கு அனுப்பினார். அந்தக் குழந்தை வளர்ந்து, டீச்சராகி, 2022-ல் தன் 95-வது வயதில் காலமானார். டப்பாவில் இருக்கும் பாப்பாவுக்கு மட்டும் வயசே ஆகவில்லை!

அழகான படம்தானே, அதனால் என்ன கெடுதல் என்கிறீர்களா? எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அந்தப் படம்தான் விளம்பரம். 'இதைக் கொடுத்தா நம்ம புள்ளையும் இப்படி ஆயிடும்' என்று வாங்குவாள். விலையோ அதிகம். ஒரு வாரத்துப் பவுடரைத் தண்ணீர் விட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு வாரத்துக்கு ஓட்டுவாள். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை என்றால் பேதிதான். இதற்குள் தாய்ப்பாலும் வற்றிப்போயிருக்கும்.

அதனால்தான் 1981-ல் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார சபை, தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கிற பால் பவுடர்களின் வியாபாரத்துக்கு ஒரு விதிமுறை வகுத்தது. டப்பாவில் குழந்தைப் படம் கூடாது என்பதும் அதில் உண்டு. 118 நாடுகள் ஆதரவு. எதிர்த்து ஓட்டுப் போட்டது ஒரே ஒரு நாடு. சாட்சாத் அமெரிக்கா!

மத்திய அமெரிக்காவின் குட்டி நாடான குவாத்தமாலா 1983-லேயே இதைச் சட்டமாக்கியது. மற்ற கம்பெனிகள் பணிந்தன. கெர்பர் மட்டும், 'அந்தப் படம் எங்க டிரேட் மார்க்... எடுக்க முடியாது' என்றது. அமெரிக்காவின் வர்த்தகச் சலுகைகள் பறிபோகலாம் என்ற பேச்சு கிளம்பியது. ஏற்றுமதிக்கு அமெரிக்கச் சந்தையையே நம்பியிருக்கும் நாடு என்ன செய்யும்? 1995-ல், 'இறக்குமதி டப்பாக்களுக்கு இந்தச் சட்டம் செல்லாது' என்று அதன் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாப்பா ஜெயித்தது!

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2018-ல் தாய்ப்பாலுக்கு ஆதரவாகத் தீர்மானம் கொண்டுவரவிருந்த ஈக்வடாரை அமெரிக்கா மிரட்டியதாகச் செய்தி வந்தது. அமெரிக்கா மறுத்தது. ஆனால், ஈக்வடார் ஒதுங்கிக்கொண்டது நிஜம்.

இந்தியாவில் 1992-லிருந்து சட்டம் இருக்கிறது. சோதித்துப் பார்க்கலாமே என்று மருந்துக்கடையில் ஒரு பால் பவுடர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன சார் தேடறீங்க?"

"குழந்தையை!"

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். நம் டப்பாவில் பாப்பா இல்லை, நிம்மதி. குவாத்தமாலாக்காரி பெற்றதும் பிள்ளைதானே? அதற்கு என்ன பாதுகாப்பு என்பதை அந்த நாட்டின் ஏற்றுமதிக் கணக்கா தீர்மானிப்பது?