தில்லித் தோட்டங்களில் வண்ணத்துப் பூச்சிகள்

மலரில் தேன் பருக வரும் வண்ணத்துப் பூச்சியைக் காணாதார் இல்லை. அப்பூச்சி எந்தச் செடியின் இலையில் பிறந்து வளர்ந்தது என்று வினவினால் விடை கூற வல்லவர் மிகச் சிலரே. ஜினியாவும் செண்டுமல்லியும் பூத்துக் குலுங்கும் தோட்டத்திற்கு நாள் முழுவதும் வண்ணத்துப் பூச்சிகள் வந்து போகலாம். ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் அங்கு முட்டையிடாமற் சென்றுவிடலாம். வழிப்போக்கர் உணவருந்திச் செல்லும் சத்திரத்திற்கும் குடியிருக்கும் வீட்டிற்கும் உள்ள வேறுபாடே இங்கும் உள்ளது. பூச்சிகள் தங்கிப் பெருக வேண்டுமாயின், அவற்றின் புழுக்கள் உண்ணும் இலைகளைத் தோட்டக்காரர் வளர்த்தல் வேண்டும். வளர்த்த இலைகள் கண்ணெதிரே தின்னப்படுவதைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும். பின்னது முன்னதைவிடக் கடினமானது.

முட்டையிட வரும் பெண் பூச்சி இலையின்மீது அமர்ந்ததும் முன்னங்கால்களால் அதைத் தட்டிப் பார்க்கும். அக்கால்களில் சுவையுணரும் நுண்ணிய உறுப்புக்கள் உள்ளன. இலையில் அடங்கிய இரசாயனப் பொருள்களே "இது நம் செடி" என்று அதற்கு அறிவிக்கின்றன. புழுக்களும் அவ்வாறே சுவையறிந்து தின்பவை. ஹாலந்து தேசத்துத் தாவர விஞ்ஞானியான வெர்ஷாஃபெல்ட், முட்டைக்கோசு தின்னும் வெள்ளை வண்ணத்துப் பூச்சியின் புழுக்களைக்கொண்டு நடத்திய சோதனைகளை 1910ஆம் ஆண்டில் வெளியிட்டார். கடுகுக் குடும்பச் செடிகளின் காரத்திற்கு மூலமான பொருளை, அப்புழுக்கள் இயல்பாகத் தீண்டாத வேறு இலைகளின்மேல் தடவி வைத்தபோது, அவற்றையும் அவை உண்டன. பூச்சிகளை விரட்டுவதற்கென்று தாவரம் உண்டாக்கிய நஞ்சு, அதற்குப் பழகிவிட்ட ஓரினத்திற்கு விருந்தழைப்பாக மாறிவிடுகிறது. 1964ஆம் ஆண்டில் எர்லிக், ரேவன் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள், தாவரங்களும் வண்ணத்துப் பூச்சிகளும் ஒன்றையொன்று தொடர்ந்து மாற்றியே இத்தனை வகைகளாகப் பெருகின என்னும் கருத்தை விரிவாக எடுத்துரைத்தனர்.

தில்லியில் இம்முயற்சியைத் தொடங்க விரும்புவோருக்கு ஒரு தொட்டி எலுமிச்சையே போதுமானது; மாடிக் குடியிருப்பின் முன்றிலிலும் அதை வைக்கலாம். எலுமிச்சை வண்ணத்துப் பூச்சி அதன் இளந்தளிர்களைத் தேடி வந்து மஞ்சள் நிறமான உருண்டை முட்டைகளைத் தனித்தனியே இட்டுச் செல்லும். முதலில் தோன்றும் புழு பறவையின் எச்சத்தைப் போலவே இருக்குமாதலால், குருவிக்கு மட்டுமன்றி வீட்டுக்காரர் கண்ணுக்கும் அது தப்பிவிடும். பின்னர் இலையின் பசுமையைப் பெறும். அதைத் தீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவடுபட்ட உறுப்பொன்றை நீட்டிக் கடுமையான வாடையை வீசும். இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சி முடிந்து, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும்.

இப்பூச்சியும் இதன் உறவினமாகிய கருநிற மார்மன் பூச்சியும் கறிவேப்பிலையையும் விரும்பி உண்பவை. தில்லியின் குளிரிலிருந்து கறிவேப்பிலைத் தொட்டியைக் காப்பாற்ற ஆண்டுதோறும் பாடுபடும் தமிழ்க் குடும்பத்தினர், தளிரெல்லாம் ஒரே வாரத்தில் மொட்டையானதைக் கண்டு மனம் நோவது இயற்கையே. சமையலுக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று என இரு தொட்டிகள் வைப்பதைத் தவிர வேறு சமாதானம் இல்லை.

எருக்கின் கதை இன்னும் சுவையானது. விநாயகர் சதுர்த்தி நாளன்று மாலைக்கு மட்டும் நினைவுக்கு வரும் இச்செடி, தில்லியின் சாலையோரங்களிலும் இடிந்த சுவர்களின் அடியிலும் தானே முளைப்பது; ஒழுங்கான தோட்டத்தில் அதற்கு இடம் கொடுப்பாரில்லை. செம்பழுப்பு நிறமும், முன்சிறகு நுனியில் கருமையும் வெண்புள்ளிகளும் உடைய வெந்தய வரியன் என்னும் பூச்சிக்கு எருக்கே முக்கிய உணவு. அதன் புழு இலையைத் தின்னத் தொடங்குமுன் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிடும். பாலிலுள்ள நஞ்சை முற்றிலும் ஒதுக்குவதுமில்லை. இதயத்தைத் தாக்கும் அந்நஞ்சின் ஒரு பகுதி புழுவின் உடலில் சேர்ந்து, சிறகு முளைத்த பின்னரும் நிலைத்திருக்கக் கூடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க மோனார்க் பூச்சியை உண்ட பறவை வாந்தியெடுத்து, பின்பு அவ்வகைப் பூச்சியையே தீண்டுவதில்லை என்பதை லிங்கன் பிரவர் 1960களில் சோதனைகளால் நிரூபித்தார்.

இவ்வாறு அஞ்சப்படும் உருவத்தை மற்றொரு பூச்சியின் பெண் இரவல் வாங்கிக்கொண்டிருக்கிறது. டனாயிட் எக்ஃப்ளை எனப்படும் இவ்வினத்தின் ஆண் கரிய சிறகில் ஊதா விளிம்புடைய வெண்புள்ளிகள் கொண்டது. பெண்ணோ வெந்தய வரியனைப் போலவே தோன்றும். இதற்குரிய செடி எருக்கன்று. தரையில் படரும் பருப்புக் கீரை. மழைக்குப்பின் தில்லிப் பாத்திகளில் முளைக்கும் இக்கீரையைக் களையென்று பிடுங்கி எறிந்தால் எக்ஃப்ளை முட்டையிட இடமின்றிப் போகும். ஆகையால் வண்ணத்துப் பூச்சித் தோட்டத்தில் ஒரு மூலையேனும் களைக்கொட்டுப் படாமல் இருப்பது நலம். அங்குத் தேள்கொடுக்குச் செடியும் இருக்குமாயின், வரியன் இனத்து ஆண் பூச்சிகள் அதை மொய்ப்பதைக் காணலாம். இணையைக் கவரும் மணத்திற்கு வேண்டிய பொருளை அவை அதிலிருந்து பெறுகின்றன.

கொன்றையில் வளரும் எமிகிரண்ட், ஆமணக்கில் வளரும் காஸ்டர், செம்முள்ளியை நாடும் பான்ஸி வகைகள் ஆகியவற்றை எளிதில் வரவழைக்கலாம். தில்லி மண்ணுக்கே உரிய சில பூச்சிகளுக்கோ ஆரவல்லிக் குன்றுகளின் முட்புதர்கள் தேவை. பயனீயர் என்னும் வெண்ணிறப் பூச்சி, நம் ஆதொண்டையின் இனமாகிய கரீல் முதலிய புதர்களையும், அராப் எனப்படும் சிறு பூச்சிகள் உகாய் மரத்தையும் சார்ந்து வாழ்பவை. ஆங்கிலேயர் காலத்தில் நடப்பட்ட விலாயதி கீகர், அதாவது நம் சீமைக் கருவேலம், குன்றுகளெங்கும் பரவி இப்புதர்களை நெருக்கிவிட்டது. ஜூலியன் டோனஹ்யூ என்பார் 1966ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் தில்லி வண்ணத்துப் பூச்சிகளின் பட்டியலொன்றை வெளியிடத் தொடங்கினார். அப்பூச்சிகளுக்குரிய தாவரங்களை மீட்கும் வேலை இந்நூற்றாண்டில்தான் பெரிய அளவில் நடைபெறலாயிற்று. தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக் கழக விஞ்ஞானிகளும் சேர்ந்து, பேராசிரியர் சி. ஆர். பாபுவின் வழிகாட்டுதலில், வஜீராபாத் அருகில் யமுனைப் பல்லுயிர்ப் பூங்காவையும், வசந்த விஹார் அருகில் பழைய சுரங்க நிலத்தில் ஆரவல்லிப் பல்லுயிர்ப் பூங்காவையும் உருவாக்கினர். இரண்டிலும் வண்ணத்துப் பூச்சிகளுக்கெனத் தனிப் பகுதிகள் உண்டு. முதலில் உள்நாட்டுத் தாவரங்களை நட்டுவிட்டுப் பூச்சிகளின் வரவுக்காகக் காத்திருப்பதே இவ்வழியின் சிறப்பு.

வீட்டுத் தோட்டத்தில் தோல்விக்குக் காரணமாவது பெரும்பாலும் மருந்துத் தெளிப்பானே. வேப்பெண்ணெயும், இயற்கை மருந்தென விற்கப்படும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியமும் புழுக்களுக்குத் தீங்கற்றவை என்று பலர் எண்ணுவது தவறு; பின்னது புழுக்களைக் கொல்வதற்கென்றே பயன்படுவது. நாற்றங்காலில் மருந்தடித்த கன்று பல வாரங்களுக்கு நஞ்சாகவே இருக்கலாம். பங்களாக்களின் முகப்பை அலங்கரிக்கும் சைகஸ் செடியை எடுத்துக்கொள்வோம். அதன் இளங்குருத்தை பிளெயின்ஸ் கியூபிட் என்னும் சிறு நீலப் பூச்சியின் புழுக்கள், எறும்புகள் காவலிருக்கத் தின்றுவிடும். தோட்டக்காரருக்கு இது பெருங்கோபத்தை விளைவிக்கும். அதிலும் நியாயம் உண்டு. விலையுயர்ந்த செடிக்குக் குருத்து விரியும் நாட்களில் மெல்லிய வலை போர்த்திக் காப்பது, தோட்டம் முழுவதற்கும் மருந்தடிப்பதைவிட மேலானது.

புழுவைக் கண்ணாடிச் சாடியில் வளர்த்துப் பார்க்கும் சிறுவர்கள், வாயை மெல்லிய துணியால் கட்டி, நாள்தோறும் புதிய இலை இட்டு, எச்சத்தை அகற்ற வேண்டும். பல புழுக்களை ஒன்றாக அடைத்தால் நோய் பரவும். சில வேளைகளில் வண்ணத்துப் பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகள் வெளிவருவதுண்டு. புழுவின் உடலுக்குள் முட்டையிடும் அவையும் தோட்டத்தைச் சேர்ந்தவையே. கூட்டைவிட்டு வந்த பூச்சியைச் சிறகுகள் உலர்ந்து விறைக்கும்வரை தொடலாகாது.

நடவுக்கு ஏற்ற காலம் ஜூலை மாதத்து முதல் மழை. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பூச்சிகள் மிகுதியாகும். ஜனவரியில் தில்லியின் இரவு வெப்பநிலை சில நாட்களில் 5 டிகிரி சென்டிகிரேடுக்கும் கீழே இறங்கும்போது, எலுமிச்சை வண்ணத்துப் பூச்சி கூட்டுப்புழுவாகவே அசைவற்றுக் குளிரைக் கழிக்கக் கூடும். காய்ந்த சருகின் துண்டு போன்று கிளையில் ஒட்டியிருக்கும் அதனை, தோட்டத்தைத் துப்புரவு செய்பவர் கிளையோடு வெட்டி எரித்துவிடுவது எளிது. கத்தரிப்பு வேலையைப் புதுத் தளிர் தோன்றும்வரை ஒத்திவைப்பின், மார்ச்சு மாதத்து வெயிலில் அக்கூடுகள் தாமே திறந்துவிடும்.