விசைப்பலகையே போதும்

ஓர் ஊருக்குச் செல்லும் பாதை ஒன்றேயாயின், அது வெள்ளத்தில் மூழ்கும் நாளில் ஊரார் திகைத்து நிற்பர். பாதை இரண்டாயின் அவ்வச்சம் இல்லை. கணிப்பொறியைக் கையாள்வதற்கும் இவ்வாறே இரு வழிகள் உள்ளன. சுட்டியை நகர்த்தித் திரையில் வேண்டியதைத் தொடுவது ஒரு வழி. இதனை யாவரும் அறிவர். சுட்டியைத் தொடாமல், விசைகளை அழுத்தியே வேலைகளை முடிப்பது மற்றொரு வழி. இதனைப் பலர் அறியார். அவ்வழியின் இயல்பையும் பயனையும் இப்பாடத்தில் காண்போம்.

இவ்விரண்டனுள் விசைப்பலகையே மூத்தது. 1870களில் அமெரிக்க நாட்டில் விற்பனைக்கு வந்த தட்டச்சுப் பொறியின் எழுத்து வரிசையே, சிறு மாறுதல்களுடன், இன்றைய கணிப்பொறியிலும் காணப்படுகின்றது. சுட்டியோ மிக இளையது. டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1960களில் அதனைக் கண்டறிந்தார். முதற் சுட்டி மரத்தால் ஆன சிறு பெட்டியே. அதன் அடியில் இரு சக்கரங்கள் இருந்தன. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோ நகரில் கூடிய அவையில் அவர் சுட்டியின் பயனை விளக்கிக் காட்டினார். பிற்காலத்தில் சுட்டி எங்கும் பரவியது. ஆயினும் விசைப்பலகையின் ஆற்றல் குறையவில்லை. நாம்தான் அதனை மறந்தோம்.

விசைகள் கட்டளையிடும் முறை மிக எளியது. விண்டோஸ் என்னும் இயக்க மென்பொருள் அமைந்த கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். அதில் 'சி' என்னும் ஆங்கில எழுத்து விசையைத் தனியே அழுத்தினால் அவ்வெழுத்துத் திரையில் தோன்றும். 'கண்ட்ரோல்' விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதனை அழுத்தினால், எழுத்துத் தோன்றாது. தேர்ந்தெடுத்த பகுதி படியெடுக்கப்படும். அவ்வாறே 'எக்ஸ்' அப்பகுதியை வெட்டி எடுக்கும். 'வி' எடுத்ததை வேண்டிய இடத்தில் ஒட்டும். 'இசட்' செய்த பிழையை நீக்கி முன்னிருந்த நிலையை மீட்டுத் தரும். இந்நான்கு எழுத்துகளும் பலகையின் கீழ் வரிசையில், இடக்கை விரல்களுக்கு எட்டும்படி அருகருகே அமைந்திருத்தல் காண்க. 'ஆல்ட்' விசையைப் பிடித்துக்கொண்டு 'டேப்' விசையை அழுத்தினால், திறந்துள்ள ஒரு வேலையிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லலாம்.

இனி, ஒரு விண்ணப்பப் படிவத்தைச் சுட்டியின்றி நிரப்பும் முறையைக் காண்போம். டேப் விசையை அழுத்த அழுத்த, ஒவ்வொரு கட்டமாக முன்னேறுவோம். ஒரு கட்டத்தைத் தவறிக் கடந்துவிட்டால், 'ஷிப்ட்' விசையுடன் டேப்பை அழுத்திப் பின்னோக்கி வரலாம். பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அம்புக்குறி விசைகள் உதவும். ஒப்புதலுக்குரிய சிறு சதுரத்தில் குறியிட இடைவெளி விசை போதும். இறுதியில், 'அனுப்புக' என்னும் பொத்தானை அடைந்து 'என்டர்' விசையை அழுத்தினால் படிவம் சென்று சேரும்.

விரைவு ஒன்றே இதன் பயன் என்று எண்ணுதல் தவறு. கண்பார்வை இல்லாதவர் திரையில் அலையும் அம்பை எவ்வாறு காண்பர்? அவர்களுக்கு விசைப்பலகையே வழி. டேப் விசையை அழுத்துந்தோறும், திரைபடிப்பான் என்னும் மென்பொருள் அவர் அடைந்துள்ள இடத்தின் பெயரை வாய்விட்டுக் கூறும். இத்தகைய மென்பொருள்களுள் ஒன்று 'என்விடிஏ'. பார்வையற்றவரான மைக்கேல் கரன் என்னும் ஆஸ்திரேலியர் 2006ஆம் ஆண்டு அதனை உருவாக்கத் தொடங்கினார். விலையின்றிக் கிடைக்கும் அம்மென்பொருள் தமிழையும் படித்துக் காட்டும். கை நடுக்கம் உடையவரும் சுட்டியை ஓரிடத்தில் நிறுத்த இயலாது வருந்துவர். அவருக்கும் விசைகள் துணை நிற்கும். ஒரு கை மட்டுமே உடையவர், இரு விசைகளை ஒருசேர அழுத்துவதற்கு மாறாக, ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தவும் கணிப்பொறியில் வகை உண்டு.

ஆயினும், ஒரு குறை எஞ்சி நிற்கின்றது. சில இணையப் பக்கங்களை அமைப்போர் சுட்டியை மட்டுமே மனத்திற்கொண்டு அமைத்துவிடுகின்றனர். கட்டங்கள் அனைத்தையும் நிரப்பிய பின்னும், 'அனுப்புக' என்னும் பொத்தானை டேப் விசை அடையாவிடின் என்ன ஆகும்? பார்வையற்ற மாணவர் ஒருவரின் தேர்வு விண்ணப்பம் அவ்விடத்திலேயே நின்றுவிடும். அவர் அறிவில் குறையில்லை; முயற்சியிலும் குறையில்லை. கதவைச் செய்தவர் கைப்பிடியை வைக்க மறந்தார். குறை அங்கேதான் உள்ளது. இதனைத் தவிர்க்கவே, 2008ஆம் ஆண்டு வெளியான உலகளாவிய வலை நெறிமுறைகள், பக்கத்தின் செயல்களை விசைப்பலகையால் செய்ய இயலவேண்டும் என வகுத்துள்ளன.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் இத்தகைய பக்கங்களை அமைப்பீர்கள். அதற்கு முன், ஒரு மணி நேரம் சுட்டியை ஒதுக்கி வைத்து வேலை செய்து பாருங்கள். எங்கே வழி திறக்கின்றது, எங்கே அடைபடுகின்றது என்பதை உங்கள் விரல்களே உணர்த்தும். அவ்வாறு உணர்ந்தவர், பிறருக்கு வழியை அடைக்கமாட்டார். எல்லார்க்கும் வழி திறந்து வைக்கும் கல்வியே பயனுள்ள கல்வியாகும்.