தொல்குடி ஆசிரியரும் இருமொழி உயர்கல்வியும்

ஒரு மொழியைப் பேச வல்லார் எல்லாரும் அம்மொழியிற் கற்பிக்க வல்லாராகார். தென்னமெரிக்கத் தொல்குடியினரின் கல்வி வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

பொலிவியாவில் 1994ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம், ஸ்பானிய மொழியோடு தொல்குடி மொழிகளும் பள்ளியிற் பயிற்றுமொழியாக இடம்பெற வழிசெய்தது. ஆயின் கற்பிப்பார் யார்? ஆசிரியர் பலர் வீட்டிற் கெச்சுவா மொழி பேசியவரே. எனினும் அவர்கள் கற்றது முழுதும் ஸ்பானிய மொழி வாயிலாகவே. கணக்கையும் வரலாற்றையும் தம் மொழியில் எடுத்துரைக்கும் பயிற்சி அவர்க்கு வாய்த்திலது.

இக்குறையின் ஆழத்தை ஒரு சொல்லால் அறியலாம். தமிழில் ‘நாம்’ என்பது கேட்போரை உளப்படுத்தும். ‘நாங்கள்’ என்பது உளப்படுத்தாது. தென் கெச்சுவாவிலும் இவ்வேறுபாடு உண்டு. ‘ஞோகஞ்சிக்’ என்பது நாம். ‘ஞோகைக்கு’ என்பது நாங்கள். ஸ்பானிய மொழியிலோ ‘நோசோத்ரோஸ்’ என்னும் ஒரு சொல்லே இரு பொருளையும் தரும். ஸ்பானியப் பாடநூல் ஒன்று முன்னோரைப் பற்றி இவ்வாறு பன்மையிற் பேசுமாயின், கெச்சுவா ஆசிரியர் எதனைக் கொள்வார்? ‘நம் முன்னோர்’ எனின் மாணவனும் அவ்வரலாற்றினுள் அடங்குவான். ‘எங்கள் முன்னோர்’ எனின் புறத்தே நிற்பான். இதனை அகராதி தீர்த்து வைக்காது. இரு மொழியும் இரு பண்பாட்டு வரலாறும் ஆய்ந்தறிந்த ஆசிரியரே தீர்க்க வல்லார். பண்பாட்டிடைக் கல்வி என்பதன் உட்பொருள் இதுவே.

இத்தகைய ஆசிரியரை உருவாக்கும் முயற்சிகள் இரண்டு ஈண்டுக் குறிக்கத்தக்கன. பெரு நாட்டின் இக்கித்தோஸ் நகரில், 1988இல் அமேசான் தொல்குடி மக்களின் கூட்டமைப்பும் அரசு ஆசிரியர் கல்லூரியும் இணைந்து ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. மாணவர் சில திங்கள் கல்லூரியிற் பயின்று, பின்னர்த் தம் ஊர் சென்று அங்குள்ள அறிவை ஆராய்ந்தனர், முதியோரும் கற்பிப்போராயினர். பொலிவியாவின் கோச்சபாம்பா நகரில், 1996இல் சான் சிமோன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அமைந்த திட்டம், ஆண்டிசு மலை நாடுகள் பலவற்றின் தொல்குடி மாணவர்க்கு முதுநிலைக் கல்வி அளித்தது.

தாய்மொழி தொடக்க வகுப்பிற்குப் போதும், உயர்கல்விக்கு வேண்டா என்பாரும் உளர். அக்கூற்றை ஏற்பின், தாய்மொழி வேற்றுமொழிக்கு ஏறும் படியாகவே எஞ்சும். ஏறியபின் படியை நினைப்பார் யார்? உயர்கல்வியில் ஆளப்படும் மொழியிலேயே கலைச்சொல்லும் ஆய்வுநடையும் வளரும். அவை வளர்ந்தாலன்றித் தொடக்கப் பள்ளிக்கும் நல்ல நூல் கிடையாது. ஆதலின் ஆசிரியரின் உயர்கல்வியே தொல்குடிச் சிறுவரின் முதல் வகுப்பிற்கு அடிப்படை என்க.