விதைக்கப்படும் சரீரம்

குறிஞ்சிப்பாடிக்கு அருகிலுள்ள மேட்டுக்குப்பத்தில், 1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்ட இராமலிங்க அடிகள், இறந்தோரைச் சுடாமல் புதைக்க வேண்டும் என்றும், அவர்கள் எழும் காலம் வரும் என்றும் தம் அன்பர்களுக்கு உபதேசித்தவர். ஆகையால், செத்தவர் பிழைத்து வருவாரா என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. ஆயினும் அடிகளாரின் கொள்கையும் கிறிஸ்தவர்களின் கொள்கையும் ஒன்றே என்று சமரசம் பேசிவிடுவது இரண்டுக்கும் நியாயம் செய்வதாகாது. அடிகள் அருட்பெருஞ்ஜோதியின் அருளால் இனி நிகழவிருப்பதை எதிர்நோக்கினார். கிறிஸ்தவர்களோ, எருசலேமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் நிகழ்ந்தே விட்டது என்று தாங்கள் விசுவசிக்கும் இயேசுவின் உயிர்த்தெழுதலின்மேல் தங்கள் நம்பிக்கையைக் கட்டுகிறார்கள்.

1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி, 1717-இல் கடலூரில் பள்ளிக்கூடம் தொடங்கிய பாதிரியார் சீகன்பால்கு, 1719 பிப்ரவரியில், 36-ஆம் வயதில், மனைவியையும் சிறு பிள்ளைகளையும் விட்டுத் தரங்கம்பாடியில் கண்மூடும் வேளையில், இயேசுவே தம் உறுதி என்று கூறும் ஜெர்மானிய உயிர்த்தெழுதல் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிக் கேட்டார் என்பது வரலாறு. அந்த நம்பிக்கை அவருக்குத் தந்த சாந்தி, பிழைப்போம் என்ற எண்ணத்தால் வந்ததன்று. சாகிறோம் என்று தெரிந்தபின் வந்தது.

ஆத்துமா அழியாது என்பதை நம்மில் அநேகர் ஒப்புக்கொள்வர். சரீரமும் எழும் என்பதே கிறிஸ்தவ சமயத்தின் துணிவு. அதே சரீரமா, வேறொன்றா என்று கேட்ட கொரிந்து சபையாருக்குப் பவுல் விதையைக் காட்டி விடையளித்தார். மல்லாட்டை (நிலக்கடலை) போடும் நம் குடியானவருக்கு அதை விரித்துரைக்க வேண்டியதில்லை: மண்ணுக்குள் போனது பருப்பு, மேலே வந்தது செடி, என்றாலும் அந்தப் பருப்பின்றி அந்தச் செடி இல்லை. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அஞ்சியிருந்த சீடர்களுக்கு முன் உயிர்த்தெழுந்து நின்ற இயேசு, முதலில் சமாதானம் கூறி, பிறகு ஆணி பாய்ந்த கைகளைக் காட்டினார் என்கிறது யோவானின் சுவிசேஷம். மகிமை பெற்ற சரீரத்திலும் காயத்தின் தழும்பு மறையவில்லை; பட்ட துன்பம் பொய்யென்று ஆக்கப்படவில்லை. என் மனத்துக்கு, தத்துவ விவாதங்கள் அனைத்தினும் ஆறுதலானது இதுவே.

நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, கத்தோலிக்கர் தம்மவர் புதைகுழிகளைச் செதுக்கிச் சுண்ணாம்பு பூசி, சாமந்தி இட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கடலூர்க் கரையில் அது ஐப்பசி மழைக்காலம். திரி அணைந்தால் குடையைச் சாய்த்துப் பிடித்து மறுபடி ஏற்றுவார்கள். அந்த முகங்களில் கண்ணீர் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. கண்ணீரோடு ஒரு நிச்சயமும் இருக்கிறது, அவ்வளவுதான்.

விசுவாசிகளிலேயே சிலர் இதை மறந்துவிடுகிறார்கள். துக்க வீட்டில் நுழைந்ததும், “அழாதீர்கள், அவர் ஆண்டவரிடம் இருக்கிறார்” என்று தொடங்கிவிடுகிறார்கள். செத்துப்போன லாசருவைச் சில நிமிஷத்தில் எழுப்பப்போகிற இயேசுவே, அதற்கு முன் அவன் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். எனவே துக்கம் விசாரிக்கப் போகிறவர்களே, முதலில் பக்கத்தில் உட்காருங்கள்; அழுகிறவர்களை அழ விடுங்கள்; உயிர்த்தெழுதலைப் பற்றி அவர்களே கேட்கும்போது பேசுங்கள்.