சாவகாசச் சைக்கிள் – 9: நம்பர் காட்டும் வழியும் மலை காட்டும் வழியும்

கோடை விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு நெதர்லாந்து போயிருந்தபோது கிடைத்த பெரிய சுகம், எந்த ஊருக்கு என்று முடிவு செய்யாமல் சைக்கிள் மிதித்ததுதான். உட்ரெக்ட் நகரைத் தாண்டினால் வாய்க்கால், புல்வெளி, மாடுகள். வழி கேட்க ஆள் இருக்காது, கேட்கும் தேவையும் இல்லை. பாதைகள் கூடும் இடங்களில் பலகையும் அதில் ஓர் எண்ணும் இருக்கும். போக நினைக்கும் எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் செருகிக்கொண்டால் போதும்.

இந்த ஏற்பாடு பிறந்தது பக்கத்து பெல்ஜியத்தில். லிம்பர்க் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடிய பிறகு, சுரங்கப் பொறியாளரான ஹ்யூகோ போலனின் யோசனையில் 1995இல் தொடங்கியது. டச்சுக்காரர்கள் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள்.

அவர்களுக்கும் சைக்கிள் பாதை சும்மா வந்துவிடவில்லை. 1971இல் மட்டும் அங்கே சாலை விபத்தில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்குத் தடை வந்தது. கார் இல்லாத சாலை எப்படி இருக்கும் என்று ஊரே கண்ணால் பார்த்தது.

கோவைக்குப் பக்கத்தில் தொண்டாமுத்தூருக்குத் திரும்பியதும் கால் சும்மா இருக்கவில்லை. மூன்றரை மணி வெயிலில் காற்றுப் பிடிக்கப் போனால், சைக்கிள் கடைக்காரர் விடவில்லை.

"ஏனுங்க, இந்த வெய்யில்ல எங்க கெளம்பீட்டீங்க?"

"சும்மா ஒரு சுத்துங்க."

மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் ஒதுங்கியே பாதி உயிர் போகும். தேவராயபுரம் பக்கம் தோட்டத்துத் தடத்தில் இறங்கிவிட்டால் வேறு உலகம். இருபுறமும் பாக்குத் தோப்பு, நடுவில் வாழை. ஒரு களத்தோரம் சின்ன வெங்காயப் பட்டறை போட்டிருந்தார்கள்: கல் மேல் சட்டம் அடித்து, காற்றுப் போக இடைவெளி விட்டு, மேலே தென்னங்கீற்று. விலை ஏறும்வரை வெங்காயம் அதில் காத்திருக்கும். பக்கத்தில் நின்றாலே மூக்கில் ஏறியது.

தடம் இரண்டாகப் பிரிந்த இடத்தில் தோட்டக்காரர் ஒருவர் நின்றிருந்தார். டவுனுக்கு எந்தத் தடம் என்று கேட்டேன்.

"வெள்ளியங்கிரி மொகத்துக்கு நேரா இருந்தா காட்டுப் பக்கம் போறீங்க. முதுகுப் பக்கம் இருந்தா டவுனுக்குப் போறீங்க. அவ்வளவுதானுங்க. பொழுது எறங்கறதுக்குள்ள திரும்பீருங்க, ஆனை வரும்."

மலையை முதுகில் வைத்துக்கொண்டு சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்கு வந்தேன். நொய்யல் ஆற்றுத் தண்ணீரை இது வாய்க்காலில் திருப்பிவிடுகிறது. நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று கோவையின் குளங்களுக்குத் தண்ணீர் போகும் வழி அதுதான். மே மாதம் என்பதால் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. கரையில் கொஞ்ச தூரம் ஓட்டலாம், முள் மண்டிய இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும்.

அந்தக் கரையை ஒழுங்கு செய்து, தடம் பிரியும் இடங்களில் எண் போட்ட பலகை நட்டால், மெயின் ரோட்டைத் தொடாமலே பெரும்பாலான தூரம் நகரம் வரை மிதித்துவிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பால் கேன் கட்டிப் போகிறவர்களுக்கும் என்னைவிட அது அதிகம் உதவும். மலையோரப் பலகைகளில் மட்டும், எத்தனை மணிக்கு மேல் போகக்கூடாது என்பதையும் எழுதிவிட வேண்டும். ஆனைக்கு நம் பலகை படிக்கத் தெரியாது, நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

(அடுத்த வாரம்: பேரூர்)