வயித்தை வெட்டினா பீரியட்ஸ் வந்துடுமா?

தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் படியில உட்கார்ந்து என் ஃப்ரெண்ட் ஒரே புலம்பல். மூணு மாசமா பீரியட்ஸ் வரலை. ‘எல்லாம் வெயிட்டாலதான். பேசாம வயித்தைச் சுருக்குற ஆபரேஷன் பண்ணிக்கோ’ன்னு சொந்தக்காரங்க அட்வைஸ். “நீயே படிச்சுச் சொல்லுடி”ன்னு என் தலையில கட்டிட்டா. படிச்சேன். உங்களுக்கும் சொல்றேன். பசங்களா, பக்கத்தைத் திருப்பாதீங்க... அக்கா, தங்கச்சிக்கு உதவும்!

வெயிட்டுக்கும் பீரியட்ஸுக்கும் என்ன கனெக்‌ஷன்? கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. அதுவும் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும். எடை கூடக்கூட இன்சுலின் சரியா வேலை செய்யாது. அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் இன்சுலினைக் கொட்டும். அது சினைப்பையைத் தூண்ட, ஆண் ஹார்மோன் எகிறும். கருமுட்டை வெளிவராது... பீரியட்ஸ் தள்ளிப் போகும். இதுதான் பல பொண்ணுங்களைப் படுத்துற பி.சி.ஓ.எஸ்.

ஆபரேஷனுக்கு அப்புறம் எடை குறைஞ்சு, சில மாசங்கள்லயே பலருக்கு சுழற்சி சீராகுது. நிஜம்தான். ஆனா, முழுக் கதை அது இல்லை!

எடை சரசரன்னு இறங்கும்போது சிலருக்கு பீரியட்ஸ் தற்காலிகமா நின்னும் போகலாம். பைபாஸ் வகை ஆபரேஷன்ல சாப்பாடு சிறுகுடலோட முதல் பகுதியைத் தாண்டிப் போயிடும். இரும்புச்சத்து அதிகமா உறிஞ்சப்படுறதே அங்கதான். மாசாமாசம் ரத்தம் இழக்குற நமக்கு இது டபுள் அடி! தமிழ்நாட்டுல 53.4 சதவிகிதப் பெண்களுக்கு ரத்தசோகைன்னு சொல்லுது 2019-21 தேசிய குடும்பநல சர்வே. அதனால ஆபரேஷனுக்குப் பிறகு சத்து மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுசுக்கும் தொடரணும். இன்னொண்ணு... கருமுட்டை திடீர்னு வெளிவர ஆரம்பிக்கும். ஆனா, ஒண்ணு, ஒன்றரை வருஷத்துக்குக் கர்ப்பம் கூடாதுங்கறாங்க டாக்டர்ஸ். சிலருக்குக் கருத்தடை மாத்திரையும் சரியா உறிஞ்சப்படாம போகலாம்.

ஆசைப்பட்டவங்க எல்லாம் பண்ணிக்கிற ஆபரேஷனும் இல்லை இது. 2022 சர்வதேச வழிகாட்டுதல்படி பி.எம்.ஐ. 35, நம்மள மாதிரி ஆசியர்களுக்கு 27.5-லயிருந்தே யோசிக்கலாம். அதுவும் டாக்டர் எல்லாத்தையும் பார்த்த பிறகுதான். 2024 ஏப்ரல்ல சென்னைப் புறநகர்ல இந்த ஆபரேஷனுக்குப் போன 26 வயசு இளைஞர் இறந்தே போனார். பி.சி.ஓ.எஸ். இருக்கிறவங்க எடையில 5 சதவிகிதம் குறைச்சாலே பலருக்குச் சுழற்சி திரும்புது. 80 கிலோன்னா வெறும் 4 கிலோ!

சரி, நம்ம ஃப்ரெண்ட்? ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சது... அவளுக்குத் தைராய்டு! தினம் ஒரு மாத்திரை. ரெண்டே மாசத்துல பீரியட்ஸ் ஆஜர்.

மூணு மாசம் தள்ளிப் போனா சொந்தக்காரங்ககிட்ட இல்லை, டாக்டர்கிட்ட போங்க. வடசென்னைக்காரங்களுக்கு ராயபுரத்துல ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனை இருக்கே. அப்புறம் என்ன வெட்கம்?