வரைபடம் சொல்வதும் சொல்லாததும்

2019ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து நச்சுக் காற்று பரவியது. முதலில் பாதிப்புற்றோருள் அருகிலிருந்த பள்ளிகளின் மாணவர்களும் இருந்தனர். அடுத்த சில நாள்களில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர்.

அத்தகைய வேளையில் ஊராட்சி மன்றத்தின்முன் எழும் வினாக்கள் யாவும் இடம் பற்றியவை. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை பள்ளிகள் உள்ளன? காற்று வீசும் திசையில் எந்தக் குடியிருப்புகள் அமைந்துள்ளன? பள்ளிகளின் பட்டியல் ஓர் அலுவலகத்திலும், தொழிற்சாலை உரிமங்கள் வேறோர் அலுவலகத்திலும், வடிகால் வரைபடம் மற்றோரிடத்திலும் இருக்குமாயின் விடை காண நாள்கள் ஆகும்.

இத்தடையை நீக்குவதே புவியியல் தகவல் முறைமை. அது ஒவ்வொரு தகவலையும் அகலாங்கு, நெட்டாங்கு என்னும் முகவரியோடு இணைத்து, தனித்தனி அடுக்குகளாக ஒரே வரைபடத்தின்மேல் பொருத்துகிறது. பின்னர் தூரத்தைக் கணினியே அளந்து சொல்கிறது. 1854இல் இலண்டனில் காலரா மரணங்களை வரைபடத்தில் குறித்து, ஒரு குடிநீர்க் குழாயை நோக்கி விரல் நீட்டிய மருத்துவர் ஜான் ஸ்நோவின் முறையும் அடிப்படையில் இதுவே.

ஆபத்து நேர்ந்தபின் உதவுவதைக் காட்டிலும், நேருமுன் தடுப்பதே இதன் பெரும்பயன். மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் உள்ளூர்த் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. எங்கே வீடு, எங்கே ஆலை, இரண்டிற்குமிடையே எவ்வளவு இடைவெளி என்பன அங்கேதான் முடிவாகின்றன.

ஆயினும், ஒன்றை நாம் மறத்தலாகாது. வரைபடம், தன்னுள் இடப்பட்டதை மட்டுமே பேசும். உரிமம் பெற்ற ஆலையை அது காட்டும். நள்ளிரவில் கழிவு கொட்டும் வண்டியைக் காட்டாது. பதிவில் இடம்பெறாத குடியிருப்பு, முடிவெடுப்போர் கண்ணிலும் படாது. ஆகவே களத்தாய்வும் மக்களின் குரலும் இன்றியமையாதவை.

உள்ளூர்த் திட்ட வரைவைப் பார்வையிடவும் மறுப்புத் தெரிவிக்கவும் அச்சட்டமே மக்களுக்கு வாய்ப்பளிக்கிறது. ஆசிரியர்களே, அத்தகைய வரைவு வெளிவரும்போது மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். தம் பள்ளியை அவர்கள் வரைபடத்தில் தேடட்டும். அருகிலுள்ள தொழிற்பகுதிவரை தூரத்தை அளக்கட்டும். ஏதேனும் விடுபட்டிருப்பின், அதனை எழுதித் தெரிவிப்பது நம் கடமையாகும்.